பொம்மை ஷோகேஸ்: அழகு மட்டும் பாத்தா போதாதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க வார இணைப்புல பொம்மை சேகரிக்கிறவங்களப் பத்தி ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீங்க, படிச்சுட்டு அவ்ளோ சந்தோஷம். வயசுல பெரியவங்க பொம்மை வாங்கி வச்சா சின்னப்புள்ளத்தனம்னு நெனைக்கிறவங்கதான் ஜாஸ்தி, அப்படி இருக்கும்போது இத மதிச்சு எழுதுனதுக்கே முதல்ல நன்றி. ஆனா அந்தப் பக்கத்து ஓரத்துல கட்டம் கட்டி ஷோகேஸ் அமைக்கிறதுக்கு நாலு யோசனை குடுத்திருந்தீங்க பாருங்க, ஜன்னல் வெளிச்சம் நல்லா விழுற எடத்துல வைங்க, உள்ள வெல்வெட் ஒட்டுங்க, காத்தே புகாம சீல் பண்ணுங்க, ஒவ்வொரு பொம்மைக்கும் ஸ்பாட் லைட் போடுங்கன்னு, அதப் படிச்சதுல இருந்து எனக்கு மனசே கேக்கல. அந்த நாலுல மூணு யோசனை, பொம்மைய மெதுவா அழிக்கிற வேலை, சீல் பண்றது மட்டும் சில பொம்மைக்கு நல்லது சில பொம்மைக்கு ஆகவே ஆகாது. யாராச்சும் அத வெட்டி வச்சுக்கிட்டு அப்படியே செஞ்சிடக் கூடாதேன்னுதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுமையாப் படிங்க.

முதல்ல அந்த ஜன்னல் வெளிச்சம். ஷோகேஸ் வாங்குறவங்க எல்லாரும் தூசிதான் எதிரின்னு நெனைக்கிறாங்க, தூசியத் தொடச்சு எடுத்துரலாங்க, வெளிச்சம் பண்ற சேதத்த யாராலயும் திருப்பி எடுக்க முடியாது. ஒருத்தர் வீட்ல ஒரு பழைய பீங்கான் பொம்மையோட கவுனக் கிட்டப் பாத்தேன், சாம்பல் கலந்த வெள்ளையா இருந்துச்சு, அதான் அதோட நெறம்னு நெனச்சேன், காலர மெதுவாத் தூக்கிப் பாத்தா அதுக்கு அடியில அடர் நீலம், தச்ச அன்னைக்கு இருந்த நீலம் அப்படியே இருக்கு. கவுன் முழுக்க அந்த நீலமாத்தான் இருந்திருக்கு, வெளிச்சம் பட்ட எடமெல்லாம் போயி காலர் மறைச்ச எடம் மட்டும் மிச்சம். அந்த பொம்மையோட மொகத்துக்கு ஒண்ணும் ஆகல, ஏன்னா பீங்கான்ல நெறத்தச் சூளையில சுட்டு ஏத்தியிருப்பாங்க, அது வெளிச்சத்துக்கு மங்காது. போறது துணி, முடி, காகிதம், சாயம் ஏத்துன மரம், இதெல்லாந்தான். ஜப்பான் கொகேஷி மரப் பொம்மை இருக்குல்ல, அதோட சிவப்பும் மஞ்சளும் ஜன்னலோரத்துல வச்சா சீக்கிரம் வெளிறிடும். பந்து மூட்டு வச்ச ரெசின் பொம்மைங்க, அதாவது பாலியூரித்தேன்ல வார்க்குறது, யூவி, அதாவது வெயில்ல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர், பட்டா மஞ்சளாயிடும், வெள்ளைத் தோல்னு ஆசையா வாங்குனது தந்தம் மாதிரி ஆயிடும்.

கண்ணாடிதான் இருக்கே, வெயில் உள்ள வராதேன்னு கேப்பாங்க. சாதாக் கண்ணாடி யூவியில ஒரு பகுதியத்தான் நிறுத்தும், யூவி-ஏங்குற வகை நெறைய உள்ள வந்துரும். யூவி தடுக்கிற அக்ரிலிக்கோ (கண்ணாடி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் பலகை), நடுவுல பிளாஸ்டிக் படலம் வச்ச லேமினேட் கண்ணாடியோ போட்டா பெரும்பகுதி நின்னுடும், அது நல்ல செலவுதான். ஆனா அதப் போட்டுட்டோம்னு நிம்மதியா ஜன்னல் பக்கம் வைக்கக் கூடாது, ஏன்னா கண்ணுக்குத் தெரியிற வெளிச்சமே சாயத்த மங்கவைக்கும், யூவி அத வேகப்படுத்துது, அவ்ளோதான். அருங்காட்சியகங்கள்ல துணி, காகிதம் மாதிரி பொருளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்த அளக்குற அலகு) வெளிச்சந்தான் வைக்கிறாங்க. ஜன்னலோரத்துல பகல்ல ஆயிரக்கணக்கான லக்ஸ் சர்வசாதாரணமா இருக்கும், நேர் வெயில்னா கேக்கவே வேண்டாம். இதுல இன்னொரு கணக்கும் இருக்கு, சேதம் வெளிச்சத்தோட அளவையும் நேரத்தையும் பெருக்கி வர்றது, 50 லக்ஸ்ல பத்து மணிநேரம் வைக்கிறதும் 500 லக்ஸ்ல ஒரு மணிநேரம் வைக்கிறதும் ஏறக்குறைய ஒண்ணுதான். அதனால விளக்க எப்பவும் எரிய விடாம, ஆள் வந்து பாக்கும்போது மட்டும் போட்டு அணைச்சாலே பொம்மையோட ஆயுசு கூடிரும். செலவே இல்லாத வழி இது, அத யாரும் சொல்றதில்ல.

ஸ்பாட் லைட் வேண்டாம்னு சொல்றதுக்கு இன்னொரு காரணம் சூடு. ஹாலஜன் பல்ப மூடுன பெட்டிக்குள்ள போட்டா உள்ள வெப்பம் ஏறும், அணைச்சா எறங்கும், தெனமும் ஏறி எறங்கி ஏறி எறங்கி உள்ள இருக்கிற ஈரப்பதமும் கூடவே ஆடும். மெழுகுப் பொம்மை வச்சிருக்கவங்களுக்கு இது சொல்லியே தெரிய வேண்டியதில்ல. காம்போசிஷன் பொம்மைன்னு ஒண்ணு இருக்கு, மரத்தூளையும் பசையையும் கலந்து அச்சுல அழுத்திச் செஞ்சு மேல பெயின்ட் அடிச்சது, 20ஆம் நூற்றாண்டு முதல் பாதியில நெறைய வந்துச்சு, அதுக்கு இந்த ஆட்டமே ஆகாது, உள்ள இருக்கிற கூழ் உப்பிச் சுருங்கும், மேல இருக்கிற பெயின்ட் கூட வர முடியாம மொகம் பூராவும் மெல்லிசா வெடிப்பு விழும், கண்ணோரத்துலதான் முதல்ல தெரியும். எல்இடி பரவாயில்ல, யூவி ரொம்பக் கம்மி, ஆனா எல்இடிக்குக் கரன்ட் குடுக்கிற டிரைவர் பெட்டி சூடாகும், அத ஷோகேஸுக்கு வெளிய வைங்க, எல்இடி பட்டையையும் பொம்மை தலைக்கு மேலேயே ஒட்டாதீங்க.

இப்ப வெல்வெட்டுக்கு வர்றேன். இதத்தான் ரொம்ப அழுத்திச் சொல்லணும், ஏன்னா வெளிச்சத்தப் பத்தியாவது எங்கயாச்சும் படிச்சிருப்பாங்க, ஷோகேஸே பொம்மையக் கெடுக்கும்னு முக்காவாசி பேருக்குத் தெரியாது. செவப்பு வெல்வெட்ல வினைல் பொம்மைய ஒக்கார வச்சா அந்தச் சாயம் பொம்மையோட தொடைக்குள்ள எறங்கிடும், வினைல் சாயத்த உறிஞ்சும், மேல படிஞ்ச அழுக்கா இருந்தா தொடச்சா போகும், இது உள்ளேயே ஊறிடும். கறுப்பு, செவப்பு, அடர் நீல உடுப்பு போட்ட பொம்மைங்க காலப் பாத்தீங்கன்னா புரியும். வெல்வெட்டுக்குப் பதிலா கம்பளி ஃபெல்ட், அதாவது கம்பளிய அழுத்திச் செஞ்ச துணி, விரிச்சா அதுல இருந்து வர்ற கந்தக ஆவி வெள்ளி நகை, சின்னச் சின்ன உலோக பட்டன் எல்லாத்தையும் கறுக்க வைக்கும். வெல்வெட்ட ஒட்டுன பசை என்ன பசைன்னு யாருக்கும் தெரியாது.

அலமாரி மரமும் அதே கதைதான். ஓக் மரத்துல இருந்து அசிட்டிக் ஆசிட் ஆவி வரும், மரத்தூளையும் நாரையும் பசை போட்டு அழுத்திச் செய்ற எம்டிஎஃப்லயும் பார்ட்டிக்கிள் போர்டுலயும் அதோட ஃபார்மால்டிஹைடும் வரும், திறந்த அலமாரின்னா காத்தோட போயிடும், கண்ணாடி போட்டு மூடுன பெட்டின்னா உள்ளேயே தங்கி பொம்மை மேலதான் வேலை செய்யும். இது பயமுறுத்துறதுக்காகச் சொல்றதில்ல, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துல ஆண்ட்ரூ ஆடிங்குறவர் 1973ல இதுக்குன்னே ஒரு சோதனை கொண்டுவந்தார், ஷோகேஸ் செய்யப்போற மரம், துணி, பசை எதுவா இருந்தாலும் அதுல ஒரு துண்ட வெள்ளி, தாமிரம், ஈயம் மூணோட தகடும் சேத்து ஈரம் நெறஞ்ச கண்ணாடிக் குடுவைக்குள்ள மூடி 60 டிகிரி செல்சியஸ்ல 28 நாள் வைப்பாங்க, தகடு அரிச்சிருந்தா அந்தப் பொருள் ஷோகேஸ் பக்கமே வரக் கூடாது. இன்னைக்கும் உலகம் பூரா அருங்காட்சியகங்கள்ல அதே ஆடி சோதனையத்தான் செய்றாங்க. வீட்ல நாம அந்த அளவுக்குப் போக வேண்டாம், வாங்கப்போற பலகையிலயும் துணியிலயும் ஒரு துண்டு வாங்கி சுத்தமான கண்ணாடி ஜாடிக்குள்ள போட்டு இறுக்கி மூடி சில நாள் கழிச்சுத் தொறந்து மோந்து பாருங்க, புளிச்ச வாடையோ கண்ணக் கரிக்கிற நெடியோ வந்துச்சுன்னா அது வேண்டாம். மோந்து பாத்து ஒண்ணும் வரலைங்குறதுக்காகச் சுத்தமானதுன்னு அர்த்தமில்ல, ஆனா மோசமானது மாட்டிக்கும். உலோகமும் கண்ணாடியும் சேந்த அலமாரிதான் இருக்கிறதுலயே பத்திரம், அந்த உலோகத்து மேல பவுடர் கோட்டிங், அதாவது பொடி பெயின்ட், நல்லா சூட்ல பதம் பண்ணதா இருக்கணும். துணி விரிக்கணும்னா சாயம் போடாத பருத்தித் துணிய நல்லா தண்ணியில அலசிக் காய வச்சு விரிங்க.

இந்த எடத்துல சிலிக்கான் சீலன்ட் பத்தி ஒரு வார்த்தை. கண்ணாடி மூலைய ஒட்டுறதுக்கு அடிக்கிறாங்களே, வினிகர் வாடை வர்ற வகை, அந்த வாடையே அசிட்டிக் ஆசிட்தான். நியூட்ரல் க்யூர்னு போட்டிருக்கிற, அந்த ஆசிட் வராத வகைய வாங்கச் சொல்லுங்க, அப்படியும் அடிச்ச அன்னைக்கே பொம்மைய அடுக்காதீங்க, கதவத் தொறந்து போட்டு சில வாரம் காய விடுங்க. பெயின்ட் அடிச்ச அலமாரிக்கும் இதேதான். புது ஷோகேஸ் வந்த சந்தோஷத்துல அன்னைக்கு ராத்திரியே அடுக்கி போட்டோ எடுக்கணும்னு கை பரபரக்கும், எனக்கும் தெரியும், ஆனா காத்திருக்கிறதுதான் பொம்மைக்கு நல்லது.

சரி, காத்துப் புகாம சீல் பண்றது. பீங்கானும் துணியுமான பொம்மைக்கு, உள்ள இருக்கிற மரமும் பசையும் சுத்தமா இருந்துச்சுன்னா, இறுக்கமான பெட்டி ரொம்ப நல்லது, தூசி வராது, பூச்சி வராது, வெளிய ஈரம் ஏறி எறங்குனாலும் உள்ள மெதுவாத்தான் மாறும். ஆனா செல்லுலாய்ட் பொம்மை இருக்கே, அதுக்கு நேர் எதிர். செல்லுலாய்டுங்குறது நைட்ரேட் பிளாஸ்டிக், பழசாக ஆக நைட்ரஜன் ஆக்சைட் ஆவி விடும், அந்த ஆவி மூடுன பெட்டிக்குள்ள தங்குனா ஈரத்தோட சேந்து ஆசிடாகி அதே பொம்மைய இன்னும் வேகமாத் தின்னும், பக்கத்துல இருக்கிற பொம்மையோட ஊசி, கொக்கி எல்லாம் பச்சை புடிக்கும். அதோட லேசுல தீப்புடிக்கும், விளக்கு பக்கத்துல வைக்கவே கூடாது. 1940கள்லயும் 50கள்லயும் வந்த கெட்டி பிளாஸ்டிக் பொம்மைங்கள்ல பலது செல்லுலோஸ் அசிட்டேட், அதுல கெட ஆரம்பிச்சா ஷோகேஸத் தொறந்ததும் வினிகர் வாடை அடிக்கும், அந்த வாடை வந்த பொம்மைய அன்னைக்கே தனியாப் பிரிச்சு காத்தோட்டமான எடத்துல வச்சிரணும், ஒண்ணுல ஆரம்பிச்சு பக்கத்துல இருக்கிறதையும் கெடுக்கும்.

வினைல் பொம்மை, அதாவது பிவிசி, அது வேற மாதிரி. 1959ல மேட்டல் கம்பெனி கொண்டுவந்த பார்பியில இருந்து அதுக்கப்புறம் வந்த எத்தனையோ பொம்மை இந்த வகைதான். பிவிசி கெட்டிப் பொருள், அத மெதுவாக்குறதுக்குப் பிளாஸ்டிசைசர்னு ஒரு எண்ணெய் மாதிரி சமாச்சாரம் கலப்பாங்க, வருஷம் ஆக ஆக அது மேல கசியும், அதனாலதான் பழைய வினைல் பொம்மையோட கன்னத்தத் தொட்டா பிசுபிசுன்னு இருக்கும், தூசி அதுல ஒட்டிக்கிட்டு பஞ்சு மாதிரி ஆயிடும். டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்துல இவோன் ஷாஷூவாங்குறவர் பண்ண ஆராய்ச்சியில பிவிசிய மூடுன கண்ணாடிக்குள்ள வச்சா பிளாஸ்டிசைசர் வெளியேறுறது மெதுவாகுதுன்னு தெரிஞ்சுச்சு, ஆக இதுக்கும் உங்க கட்டத்துல போட்ட சீல் யோசனை சரி, அதையும் சொல்லிடணும்ல. பாலித்தீன் பைக்குள்ள போட்டு வைக்கிறது சரி கெடையாது, பாலித்தீன் அந்தப் பிளாஸ்டிசைசர உறிஞ்சி இன்னும் வெளிய இழுக்கும். வினைல் பொம்மைய அக்ரிலிக் சுவர்லயோ பாலிஸ்டைரின் பெட்டியிலயோ சாச்சு வச்சா ரெண்டும் தொடுற எடத்துல பிளாஸ்டிசைசர் எறங்கி அந்தப் பிளாஸ்டிக் இளகி ஒட்டிக்கும், பிரிச்சு எடுக்கும்போது பொம்மையோட முதுகுல தடம் விழுந்திருக்கும். கண்ணாடித் தட்டு போடுங்க, இல்லாட்டி நடுவுல பாலியெஸ்டர் ஷீட் வைங்க. அப்புறம் ஆரம்பகால பார்பிக்குக் காதுல உலோகத் தோடு குத்தியிருப்பாங்க, அதுல இருக்கிற தாமிரம் வினைல்ல கலந்து காதச் சுத்திப் பச்சை படரும், ஷோகேஸ்ல வைக்கிறதுக்கு முன்னாடி தோட்டக் கழட்டி தனியா ஒரு சின்ன டப்பாவுல போட்டு அதே பொம்மை பக்கத்துல வைங்க, தோடு இல்லாம நிக்குதேன்னு வருத்தப்படாதீங்க.

பாருங்க, ஒருத்தர்கிட்ட பீங்கான், செல்லுலாய்ட், வினைல் மூணும் இருந்தா ஒரே பெரிய ஷோகேஸ் அவருக்குச் சரிவராது. என்ன பொருள்னு பிரிச்சு வைக்கணும், கம்பெனி வாரியா, வருஷ வாரியா, உயர வாரியா அடுக்குறதெல்லாம் அதுக்கப்புறம். இதுதான் என் முக்கியமான கோரிக்கை, சேகரிக்கிறவங்ககிட்ட எத்தனை பொம்மை இருக்குன்னு கேக்குற நாம எந்த பொம்மை எதுல செஞ்சதுன்னு கேக்குறதில்ல.

கண்ணாடியா அக்ரிலிக்கான்னு கேக்குறவங்களுக்கு, ரெண்டுக்கும் நல்லது கெட்டது இருக்கு. அக்ரிலிக் கனமில்ல, ஒடஞ்சு பொம்மை மேல கொட்டாது, யூவி தடுக்கிற வகை கெடைக்குது, ஆனா கீறல் விழும், தொடைக்கத் தொடைக்க நிலைமின்சாரம் ஏறி தூசிய இழுக்கும். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர அக்ரிலிக்ல அடிக்கவே அடிக்காதீங்க, நுண்ணிய வெடிப்பு விழுந்து மங்கிடும், ஈர மைக்ரோஃபைபர் துணியே போதும். கண்ணாடின்னா டெம்பர்ட், அதாவது சூடேத்தி உறுதியாக்குனது, எடுங்க. உலகம் பூரா சேகரிக்கிறவங்க வாங்குன ஐகியா பர்னிச்சர் கம்பெனியோட டெட்டால்ஃப் மாதிரி ஒல்லியான கண்ணாடி அலமாரியில கதவுக்கும் பக்கக் கண்ணாடிக்கும் நடுவுல இடுக்கு இருக்கும், தூசி அது வழியாத்தான் வருது, ஜன்னலுக்கு ஒட்டுற மெல்லிசான சீல் பட்டைய ஒட்டுனா பெரிய வித்தியாசம் தெரியும்.

ஈரப்பதத்த 40ல இருந்து 60 சதவீதத்துக்குள்ள வச்சுக்கிட்டா பெரும்பாலான பொம்மைக்குச் சரி, அதவிட முக்கியம் அது தெனமும் குதிக்காம இருக்கிறது. சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒண்ண உள்ள ஒரு மூலையில வைங்க. வெளிச் சுவர ஒட்டி அலமாரிய வைக்காம கொஞ்சம் தள்ளி வைங்க, சுவர் குளுந்தா அந்தப் பக்கம்தான் ஈரம் படிஞ்சு பூஞ்சணம் வரும். ஈரத்த உறிஞ்சுற சிலிக்கா ஜெல் போடுறதுல தப்பில்ல, ஆனா சின்னப் பெட்டியில அளவில்லாமப் போட்டா ரொம்ப வறண்டு மரமும் காம்போசிஷனும் வெடிக்கும்.

பூச்சிக்குப் பயந்து பாச்சா உருண்டை போடுறவங்க நெறைய பேர். வேண்டாங்க. நாப்தலின் ஆவி சில பிளாஸ்டிக்க இளக்கிடும், மூடுன பெட்டிக்குள்ள நமக்கும் நல்லதில்ல. மொஹேர், அதாவது ஆட்டு ரோமத்துல செஞ்ச விக், கம்பளி உடுப்பு, பட்டு இதெல்லாந்தான் அந்துப்பூச்சிக்கும் கம்பள வண்டுக்கும் சாப்பாடு, அதனால அந்த மாதிரி பொம்மைய அப்பப்ப எடுத்துப் பின்னால திருப்பிப் பாருங்க, விக்குக்கு அடியில, பாவாடை மடிப்புக்குள்ள, சின்னதாத் தோல் கழண்ட கூடு கெடக்கான்னு. புதுசா வாங்குன பழைய பொம்மைய நேரா ஷோகேஸ்ல சேத்திராம கொஞ்ச நாள் தனியா வச்சுக் கவனிங்க. 19ஆம் நூற்றாண்டு கடைசியில வந்த பட்டு உடுப்புல கனம் கூட்ட உலோக உப்பு ஏத்தியிருப்பாங்க, அது தொட்டாலே பொடிஞ்சு கொட்டும், அத ஸ்டாண்ட் மாட்டி நிறுத்தாதீங்க, படுக்க வச்சே காட்டுங்க. மத்த பொம்மைக்கு ஸ்டாண்ட் மாட்டும்போது இடுப்பப் புடிக்கிற கம்பிக்கும் உடுப்புக்கும் நடுவுல ஆசிட் இல்லாத டிஷ்யூ சுத்துங்க.

பெட்டியப் பிரிக்காமலே வைக்கிறவங்களுக்கு ஒண்ணு. பிரிக்காத பெட்டி பாதுகாப்புன்னு தோணும், ஆனா உள்ள பொம்மையக் கட்டியிருக்கிற ரப்பர் பேண்ட் இளகி பொம்மையோட கையில கறையாகும், முறுக்கு கம்பி துரு விடும். பெட்டி அட்டையோட கலரும் வெளிச்சத்துக்கு மங்கும், எந்தப் பக்கம் வெளிய தெரியுதோ அந்தப் பக்கம் மட்டும்.

வெளிய வைக்கவும் வேணும், பாதுகாக்கவும் வேணும், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இழுக்குற விஷயந்தான். அதுக்கு இருக்கிற ஒரே நேர்மையான வழி சுத்துல விடுறது, எல்லாத்தையும் ஒரே நேரத்துல அடுக்காம, சிலத மட்டும் வெளிய வச்சு மத்தத இருட்டுல பெட்டிக்குள்ள ஓய்வுல வச்சு, சில மாசத்துக்கு ஒருக்கா மாத்துறது. கண்ண மூடித் தொறக்கிற பீங்கான் பொம்மைய உள்ள எடுத்து வைக்கும்போது மொகம் கீழ பாத்த மாதிரி மெத்தையா வச்சுப் படுக்க வைங்க, மல்லாக்கப் படுத்தா கண்ணுல இருக்கிற கனம் உள்ள விழுந்திரும். அலமாரி அடைச்ச மாதிரி இல்லாம எடம் விட்டு நிக்கிற பொம்மைதான் பாக்கவும் நல்லா இருக்கும், ஒவ்வொண்ணையும் நின்னு பாக்கலாம்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த தடவை சேகரிக்கிறவங்க வீட்டு ஷோகேஸப் படம் புடிச்சுப் போடும்போது அந்த ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கு, விளக்கு எவ்ளோ நேரம் எரியுது, பலகை என்ன பலகைன்னும் நிருபர் கேட்டு ஒரு வரி எழுதட்டும். அருங்காட்சியகத்துல பொருள் பாதுகாப்பு பாக்குற கன்சர்வேட்டர் யார்கிட்டயாவது பேசி, பீங்கானுக்கு ஒரு பத்தி, வினைலுக்கு ஒரு பத்தி, செல்லுலாய்டுக்கு ஒரு பத்தின்னு தனித்தனியா ஒரு பக்கம் போடுங்க. அதுக்கு முன்னால அந்த நாலு யோசனைக்கு ஒரு சின்னத் திருத்தமாவது இந்த வாரமே போட்ருங்க, ஏன்னா அதப் பாத்து யாரோ இப்பவே ஜன்னலோரமா அலமாரிய நகத்திக்கிட்டு இருப்பாங்க.

இப்படிக்கு,
பொம்மை சேகரிக்கும் உங்கள் வாசகி